அம்மன் காலடியில் இரண்டு பொட்டலம்

மதியின் கழுத்து வீங்கியபோது தெருவே ஒரே வாயாகச் சொன்னது, பொன்னுக்கு வீங்கி என்று. வைத்தியத்தையும் தெருவே சொன்னது. கழுத்தில் ஒரு பொட்டுத் தங்கம் போடு, வேப்பிலையால் விசிறு, அம்மாவைக் கும்பிடு, பேசாமல் இரு. ஊசி கூடாது, மருந்து கூடாது, வீட்டில் கடுகு தாளிக்கக் கூடாது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வைத்தியம் சொல்வது உலகத்திலேயே சுலபமான வேலை. அந்தக் காஜா பெராங் தெருவில் அதைச் செய்யாதவர் கிடையாது.

மதியைப் பெற்ற கமலவேணியிடம் பொட்டுத் தங்கம் ஏது? தாலிக் கயிற்றில் தொங்கியதே மஞ்சள் துண்டுதான். வீட்டுக்காரி பாக்கியம் அக்காதான் தன் சங்கிலியைக் கழற்றிப் பிள்ளையின் கழுத்தில் போட்டுவிட்டாள். பாக்கியம் அக்கா செட்டிக் குடும்பத்துப் பெண். தலைமுறை தலைமுறையாக அந்த மலாய் மண்ணில் வேர்விட்ட குடும்பம். நெற்றியில் விபூதி, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். மாரியம்மனை அவளைப் போல் உருகிக் கும்பிட அந்தத் தெருவில் ஆள் இல்லை; ஆனால் தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச அவளுக்கு வராது. கமலவேணியின் மலாயோ பாசாரில் மீன் வாங்கும் அளவுக்குத்தான். இருந்தும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

கமலவேணியும் அவள் புருஷன் நல்லையாவும் அந்த வீட்டின் பின்கட்டுக்குக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன் பத்து பெரெண்டாம் என்ற ஊருக்கு அப்பால், ரப்பர் பால் எடுக்கும் ஒரு கித்தாத் தோட்டத்தில் இருந்தார்கள். ஆகஸ்டில் வெள்ளைக்காரன் கொடியை இறக்கப் போகிறான் என்ற பேச்சு கிளம்பியதுமே தோட்டத்து முதலாளி தோட்டத்தைத் துண்டு துண்டாக நறுக்கி விற்றுவிட்டுக் கப்பலேறிவிட்டான். ஊருக்கெல்லாம் மெர்டேக்கா என்கிற சுதந்திரம் இனிமேல்தான் வரப்போகிறது. நல்லையாவின் பங்கு முன்கூட்டியே வந்துவிட்டது: லயத்து வீட்டைக் காலி செய் என்று.

நல்லையா அதற்கும் கலங்கவில்லை. கித்தாக் கிடங்கில் கட்டுத் தூக்கும் வேலை கிடைத்தபோது, "பாத்தியா வேணி? மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்" என்றான். அவன் வாயில் அந்தப் பழமொழி வெற்றிலை மாதிரி எந்நேரமும் கிடக்கும். அந்த வருஷம் தை, மாசி, பங்குனி மூன்றும் பொட்டு மழை இல்லாமல் காய்ந்தன. கிணற்றில் வாளி விட்டால் சேறுதான் வந்தது. வேலியில் படர்ந்திருந்த கொடி சுள்ளியாகப் போயிற்று. பங்குனி முடிகிற நேரத்தில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மறு வாரமே சாலையோரத்து அங்சானா மரங்கள் எல்லாம் ஒரே நாளில் மஞ்சளாகப் பூத்துத் தரை தெரியாமல் கொட்டின. செத்துப் போயிற்று என்று நினைத்த வேலிக்கொடியும் கொத்துக் கொத்தாகப் பூத்துத் தொங்கியது. ஒரே கொத்தில் வெள்ளைப் பூ, ரோஜா நிறத்துப் பூ, சிவப்புப் பூ. கமலவேணி அப்படி ஒரு கொடியைத் தோட்டத்தில் பார்த்ததில்லை. கொடியின் சுபாவமே அப்படிப் பல நிறத்தில் பூப்பதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

நல்லையா அன்று மகளைத் தோளில் தூக்கி வேலி ஓரமாக நிறுத்திக் காட்டினான். "இதுக்கு யாரு தண்ணி ஊத்துனா, சொல்லு பாப்போம்?"

"சாமி!" என்றாள் மதி.

"மரத்துக்கு ஊத்துவாரு, கொடிக்கு ஊத்துவாரு" என்றாள் கமலவேணி துணி பிழிந்துகொண்டே. "மனுசனுக்கு ஊத்துறப்பதான் அவருக்கு வாளி ஓட்டையாப் போயிருது."

அவள் அப்படிப் பேசுவதற்குக் காரணம் இருந்தது. மதிக்கு முன்னால் ஒரு மகன் இருந்தான். கருணாகரன். தோட்டத்தில் இருந்தபோது அவனுக்கு மணல்வாரி அம்மை போட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று அம்மனிடம் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் போகக் கூடாது. வந்தது சிவப்பு. ஆனால் பிள்ளைக்குக் கண் செருகியதைப் பார்த்ததும் நல்லையாவுக்கு மனசு தாங்கவில்லை. அம்மன் வாக்கை மீறித் தூக்கிக்கொண்டு ஓடினான். கருணா திரும்பி வரவில்லை. குழியில் மண் தள்ளும்போது எல்லோரும் கதறினார்கள், நல்லையாவின் கண்ணில் மட்டும் சொட்டுத் தண்ணீர் இல்லை. "அம்மா வேணாம்னு சொன்னா. நாந்தான் கேக்கல" என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு அவனுடைய பக்திக்கு அளவில்லாமல் போயிற்று. அது பக்தி இல்லை, பயம் என்று கமலவேணிக்குத் தெரியும். அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது.

மதிக்கு முதலில் காய்ச்சல் மட்டும்தான். பிறகு கழுத்து வீங்கியது. சங்கிலி போட்டார்கள், வேப்பிலை செருகினார்கள், மஞ்சள் நீர் தெளித்தார்கள். வீக்கம் வடியவில்லை. தாடையும் கழுத்தும் ஒன்றாகி, பிள்ளையின் முகமே வேறு யாருடையதோ போலாயிற்று. குரல் கம்மியது. மூச்சு இழுக்கும்போது மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். வாயிலிருந்து அழுகின வாடை. பொன்னுக்கு வீங்கியை கமலவேணி லயத்தில் எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறாள். அதில் வாடை வராது.

மத்தியானம் கிடங்கிலிருந்து சோற்றுக்கு வந்த புருஷனை அவள் சாப்பிட விடவில்லை. பிள்ளையை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்திக் காட்டினாள்.

"பாருங்க. தொண்டைக்குள்ள பாருங்க. சாம்பலக் கரைச்சு ஊத்துன மாரி ஆடை படிஞ்சிருக்கு. இது பொன்னுக்கு வீங்கி இல்லங்க."

நல்லையா எட்டிப் பார்த்தான். பார்த்ததுமே பின்வாங்கினான். ஆனால் அவன் சொன்னது, "அம்மா முத்து. உள்ளாற போட்டிருக்கா" என்று.

"முத்துமில்ல பவளமுமில்ல. மூச்சு விட முடியல புள்ளைக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போலாங்க. பக்கந்தானே? டிரைஷாவுல போனா கொஞ்ச நேரம்."

"போலாம். அங்க ஊசி போடுவாங்க. கருணாவுக்கும் போட்டாங்க."

"கருணா பேச்ச எடுக்காதீங்க."

"எடுக்காம? நான் கொண்டு போன புள்ள வேணி அது! என் கையிலதான் போச்சு. இவளையும் என் கையால கொண்டு போயிக் குடுக்கணுமா?"

அவள் காலைப் பிடித்தாள். கத்தினாள். நீயெல்லாம் ஒரு அப்பனா என்று கேட்டாள். கேட்கக் கூடாத கேள்விதான், ஆனால் பிள்ளை மூச்சுக்குத் திணறும்போது எந்தத் தாய் வார்த்தையை நிறுத்துப் பேசுவாள்? நல்லையா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றான். கடைசியில் ஒன்று சொன்னான்.

"பூக்கட்டிப் பாப்போம். அம்மா வெள்ளையக் குடுத்தா நானே தூக்கிட்டு ஓடுறேன். நீ ஒரு வார்த்த சொல்ல வேண்டாம்."

"செவப்பு வந்தா?"

அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினான்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மாரியம்மன் கோயில் இருந்தது. அங்கே பூசை செய்தவர் அப்பாசாமிப் பண்டாரம். நல்ல மனுஷர், ஆனால் அவசரம் என்கிற வார்த்தையே அவர் அகராதியில் கிடையாது. நல்லையா போய்க் கேட்டதற்கு முறையை விளக்கிச் சொல்லி அனுப்பினார். பெற்றவள் கையால் கட்ட வேண்டும். விளக்கு வைக்கிற நேரத்தில் கொண்டுவந்து அம்மன் காலடியில் வைக்க வேண்டும். ராத்திரி முழுதும் அங்கேயே இருக்க வேண்டும். காலைப் பூசை முடிந்த பிறகு பிள்ளை கையால் ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கக் கூடாது, அப்படியே தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

"காலையிலயா?" என்றாள் கமலவேணி.

பொழுது சாயும் நேரத்தில் அவள் வாழையிலையை இரண்டாகக் கிழித்துக்கொண்டு வேலிப் பக்கம் போனாள். மல்லிகைச் செடி வெயிலில் கருகியது கருகியதுதான். நந்தியாவட்டை கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. வேலிக்கொடி மட்டும்தான் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் புதிதாக விரிந்த வெள்ளைப் பூக்கள் பால் மாதிரி இருந்தன. அதே கொத்தில், விரல் தொடும் தூரத்தில் சிவப்புப் பூக்கள். இரண்டு நிறத்துக்கும் வேறு செடி தேட வேண்டியதில்லை. சாமி ஒரே காம்பில் வைத்துக் கொடுத்திருந்தார்.

அவள் வெள்ளைப் பூவைக் கிள்ளி ஒரு இலையில் வைத்தாள். சிவப்புக்குக் கை நீட்டினாள். உள்ளேயிருந்து அந்த மரம் அறுக்கிற சத்தம் கேட்டது. கை சிவப்பைத் தொட்டது, விட்டது. இன்னொரு வெள்ளையைக் கிள்ளியது.

இரண்டு இலையிலும் வெள்ளை. வாழைநாரால் இறுக்கிக் கட்டினாள். யாரை ஏமாற்றுகிறோம் என்று தெரிந்தேதான் செய்தாள். புருஷனை ஏமாற்றுவது ஒன்றும் பெரிய பாவமில்லை, பெண்டாட்டிகள் தினமும் செய்கிற காரியம். இது மாரியம்மா. கண்ணைக் குத்துகிற தெய்வம். "தாயே, என்னக் குத்து. புள்ளய விட்டுரு" என்று முணுமுணுத்தாள். நிமிர்ந்தபோது பின்வாசலில் பாக்கியம் அக்கா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. பிள்ளை படுத்திருந்த பக்கம் கையைக் காட்டி, "பாவா பெகி ரூமா சாக்கிட், கமலா" என்றாள் மெதுவாக. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று. கமலவேணி தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்ந்தாள்.

கோயிலில் அப்பாசாமி பொட்டலங்களை வாங்கி மூன்று தரம் மாற்றி மாற்றி உருட்டி அம்மன் பாதத்தில் வைத்தார்.

"ஐயா, இப்பவே ஒண்ண எடுத்துப் பாத்துட்டா என்னங்கய்யா? புள்ள தாங்க மாட்டா."

"நம்ம அவசரத்துக்கு அம்மா பேச மாட்டாம்மா. போயி வேப்பிலய வச்சுத் தடவிக் குடு."

அந்த நிமிஷம் அவரைக் கொன்றுபோடலாம் என்று வந்தது அவளுக்கு.

அந்த ராத்திரியை எப்படிக் கழித்தாள் என்று கமலவேணி பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை. பிள்ளையை நிமிர்த்தி நெஞ்சில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நல்லையா வாசலில் குறுக்கே படுத்திருந்தான், தூங்கவில்லை. காலையில் வெள்ளை வரும், எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் வெள்ளைதான் வரும் என்று அவள் ஒவ்வொரு மூச்சுக்கும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அந்த ஒரு பொய்தான் அவளுக்கு அன்று கைப்பிடி.

விடிந்தது. மதியின் உதட்டில் நீலம் பாரித்திருந்தது. மூச்சிழுக்கும்போது தொண்டைக்குக் கீழே பள்ளம் விழுந்தது. கமலவேணி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கோயில் வாசலில் போய் நின்றாள். அப்பாசாமி மணியடித்து, தூபம் காட்டி, தீபம் காட்டி, ஒன்றையும் குறைக்காமல் பூசையை முடித்தார். வெயில் ஏறிவிட்டது. எடுக்க வேண்டிய பிள்ளையால் கண்ணைத் திறக்கவே முடியாததால் நல்லையா எடுத்தான். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தான். நாரை அவிழ்த்தான். இலையை விரித்தான்.

சிவப்பு.

செம்பருத்தி மாதிரி ரத்தச் சிவப்பு இல்லைதான். ஆனால் அதை வெள்ளை என்று குருடன்கூடச் சொல்ல மாட்டான். இதழெல்லாம் சிவந்து சுருண்டு கிடந்தது.

"அம்மா வேணாங்கிறா" என்றார் அப்பாசாமி.

நல்லையா அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான்.

கமலவேணி பூவையே பார்த்தாள். அவள் கையால் வைத்த வெள்ளை. பால் மாதிரி வெள்ளை. ராத்திரியோடு ராத்திரியாக அம்மன் அதைச் சிவப்பாக்கிவிட்டாள். என்னையா ஏமாற்றப் பார்த்தாய் என்று கேட்டுவிட்டாள். கருணாவுக்குக் கொடுத்த அதே பதில். இனிமேல் மீறிப் போனால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு தரம் குழியில் இறக்கிப் பார்த்தவள்தானே.

தோளில் கிடந்த பிள்ளை ஒரு மூச்சை இழுத்தது. அடுத்தது வரவில்லை. வருமா வராதா என்று அவள் காத்திருந்தாள். கடைசியில் வந்தது.

அவ்வளவுதான். கமலவேணி நிமிர்ந்து அம்மனைப் பார்த்தாள். உரக்கவே சொன்னாள்.

"செவப்புன்னு நீ சொன்னா சொல்லிக்க. ஒனக்கு ஊரெல்லாம் புள்ள. எனக்கு இது ஒண்ணுதான். ஒன்னால ஆனதப் பாரு."

அப்பாசாமி காதைப் பொத்திக்கொண்டார். நல்லையா "வேணி!" என்று அலறியது பின்னால் கேட்டது. அவள் சாலைக்கு ஓடிவிட்டாள்.

அங்சானா மரத்துக்குக் கீழே மஞ்சள் பூ மெத்தையாகக் கிடந்தது. அவள் கால் வழுக்கியது. விழப்பார்த்துச் சமாளித்துக்கொண்டு ஓடினாள். மேலேயும் பூ உதிர்ந்துகொண்டிருந்தது, அவள் தலையில், பிள்ளையின் முதுகில். என்ன கொண்டாட்டம் உங்களுக்கு என்று அந்த மரங்களை வெட்டிச் சாய்க்க வேண்டும் போல் ஆத்திரம் வந்தது. கேட்பாரில்லாத மரத்துக்கு மூன்று மாதம் கழித்தாவது தண்ணீர் ஊற்றத் தெரிந்தவருக்கு, இந்தச் சின்னத் தொண்டையில் கொஞ்சம் காற்றை ஊற்றத் தெரியவில்லையே. ஓடிக்கொண்டே அழுதாள். சாமியே இல்லாத உலகத்தில் ஓடுகிற மாதிரி இருந்தது. அதைவிட மோசம், சாமி இருந்து எதிரில் நிற்கிற உலகம்.

முச்சந்தியில் ஒரு சீனக் கிழவர் தன் மூன்று சக்கர டிரைஷாவில் காலை நீட்டிக்கொண்டு கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் குவளையை அப்படியே தரையில் வைத்துவிட்டு எழுந்தார். எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. அவளைப் பிள்ளையோடு ஏற்றிக்கொண்டு எழும்பி நின்று மிதித்தார்.

ஆஸ்பத்திரியில் யாரோ பிள்ளையை அவள் கையிலிருந்து பறித்துக்கொண்டார்கள். கதவைச் சாத்தினார்கள். கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். உள்ளே போனதும் ணங்கென்று ஏதோ ஒரு தட்டு விழுந்த சத்தம், யாரோ வெள்ளைக்கார மொழியில் அதட்டுகிற சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லைதான் அவளைக் கொன்றது. அம்மா கணக்கைத் தீர்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டரின் உதவியாளான, தமிழ் தெரிந்த டிரெஸ்ஸர் ஒருவர் வெளியே வந்தார். மாணிக்கவாசகம் என்று பெயர்.

"இது தொண்ட அடைப்பான்மா. அம்மையெல்லாம் இல்ல. தொண்டையில சின்ன ஓட்ட போட்டுக் குழாய் வச்சிருக்கோம். அது வழியா மூச்சு விடுறா. ஊசியும் போட்டாச்சு."

"பொழச்சுக்குவாளாய்யா?"

"இப்ப மூச்சு விடுறா. இன்னைக்கு அத மட்டும் வச்சுக்கங்க."

ஒட்டுகிற வியாதி என்று தனி வார்டில் போட்டிருந்தார்கள். உள்ளே விடவில்லை. வராந்தாவில் நின்று கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி பாக்கியம் அக்காவின் சங்கிலியைத் துணியில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தாள். கட்டிலில் மதி கிடந்தாள், கழுத்தில் ஒரு வெள்ளிக் குழாயோடு. மார்பு ஏறி இறங்கியது. கமலவேணி அந்த மார்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கண்ணை எடுத்தால் நின்றுவிடும் என்று பயந்தாள்.

பொழுது இறங்கும் நேரத்தில் நல்லையா வந்தான். கூடவே பாக்கியம் அக்கா, கையில் சோற்றுப் பொட்டலத்தோடு. நல்லையா முதலில் கண்ணாடி வழியாக மகளைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து இரண்டு வாழையிலைத் துண்டுகளை எடுத்து விரித்தான்.

"இன்னொண்ணையும் பிரிச்சுப் பாத்துட்டேன்" என்றான். "பிரிக்கக் கூடாதுதான். மனசு கேக்கல. ரெண்டுமே செவப்பு வேணி. நீ ரெண்டையும் செவப்பாவா கட்டுன? போக வேண்டாம்னு நெனச்சுக் கட்டுனவ ஏன் ஓடி வந்த?"

கமலவேணி வாயைத் திறப்பதற்குள் பாக்கியம் அக்கா எட்டிப் பார்த்தாள். நல்லையாவின் உள்ளங்கையில் கிடந்த பூவை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, தன் வீட்டுக் கொடியை அடையாளம் கண்டுகொண்டாள்.

"இனி பூங்கா," என்றாள், "பெத்தாங் பூத்தே, பாகி மேரா."

இந்தப் பூ சாயங்காலம் வெள்ளை, காலையில் சிவப்பு. மலாய் அதிகம் தெரியாதவர்களுக்கும் புரிகிற பேச்சுதான். ஆனாலும் இரண்டு பேருக்கும் புரியவில்லை என்று நினைத்து அவள் கையை விரித்தும் மூடியும் காட்டினாள். விரியும்போது வெள்ளை. விடிந்தால் ரோஜா. அப்புறம் சிவப்பு. ஒரே பூதான். எந்நாளும் அப்படித்தான். இதுகூடத் தெரியாமலா ஒரு வீட்டில் குடியிருக்கிறீர்கள் என்பது போல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் சங்கிலியை வாங்கிக்கொண்டு, சோற்றை வைத்துவிட்டு, கண்ணாடிப் பக்கம் போய்க் கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

நல்லையா மெதுவாகக் கேட்டான். "அப்ப நீ கட்டுனது?"

"ரெண்டும் வெள்ள."

சொல்லிவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடிப்பான் என்று நினைத்தாள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம், பிள்ளை மூச்சு விடுகிறாளே. அம்மன் அவளைத் தண்டிக்கவில்லை. அம்மன் வாயையே திறக்கவில்லை. பூ தன் போக்கில் சிவந்தது, அவள் தன் போக்கில் ஓடினாள். அந்த ஓட்டத்துக்குக் காலைக் கொடுத்தது யார், முச்சந்தியில் அந்தக் கிழவரை உட்கார வைத்தது யார் என்று யோசிக்க அவளுக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு திட்டிய பிறகு எந்த முகத்தோடு யோசிப்பது?

நல்லையா அடிக்கவில்லை. அவன் வேறு எங்கோ போய்விட்டிருந்தான். உள்ளங்கையில் இருந்த பூவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் குரல் வந்தபோது அது அவன் குரல் மாதிரியே இல்லை.

"வேணி. கருணாவுக்கு அன்னைக்குக் கட்டுனியே. அது என்ன பூ?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. மறக்கிற காரியமா அது. தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னால் நின்ற செவ்வரளி. பறிக்கும்போதே சிவப்பு, பிரிக்கும்போதும் சிவப்பு, வாடிச் சருகானாலும் சிவப்பு. இன்னொன்று நந்தியாவட்டை. அவள் கையால்தான் கட்டினாள், நேர்மையாகக் கட்டினாள்.

அவள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தைக் கருணா போன நாளிலிருந்து பார்த்துக்கொண்டுதான் வருகிறாள். மூட்டை தூக்குகிறவன். ஆனால் எதை இத்தனை நாளாக இறக்கி வைக்காமல் தூக்கித் திரிகிறான் என்று அவளைத் தவிர யாருக்குத் தெரியும்?

"இதே பூதாங்க" என்றாள்.

"இதேவா?"

"தொர பங்களா வேலியில இருந்துச்சே, இதே கொடி. வெளக்கு வைக்கிற நேரத்துல வெள்ளையாத்தான் பறிச்சேன். அதுவும் செவந்திருக்கும். நமக்குத் தெரியலங்க."

"அப்ப அம்மா…"

"அம்மா வேணாம்னு சொல்லவே இல்லங்க. நீங்க மீறவும் இல்ல."

நல்லையா சுவரில் சாய்ந்தான். சாய்ந்தவன் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தான். முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் சத்தம் வந்தது. மகனைக் குழியில் வைத்த அன்று வராத அழுகை எல்லாம் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்தது. போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். உள்ளே இருந்த பிள்ளைதான் போய்விட்டது என்று நினைத்து ஒரு மலாய்க்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மிஸ்ஸி ஓடிவந்து சத்தம் போடக் கூடாது என்றாள். கமலவேணி அவளைக் கையமர்த்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து புருஷனின் தலையை இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

அப்படி உட்கார்ந்தபடியே கழுத்தை நீட்டிக் கண்ணாடிக்குள் பார்த்தாள். மதியின் மார்பு ஏறியது, இறங்கியது. நேற்று சொன்ன பொய் பிள்ளைக்காக. இன்று சொன்னது இவனுக்காக, அதுவும் அம்மன் பெயரைச் சொல்லி. மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

"இதையும் நீயே பாத்துக்கடி தாயே" என்று மட்டும் சொன்னாள். நல்லையாவின் காதில் விழாமல் சொன்னாள்.